கிராஃபீன் விளிம்பை எந்தப் பிளாஸ்மாவில் வெட்டுவது?

புராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் பருவம் வந்தால் போதும், பினாங்கில் பிசிக்ஸோ பொறியியலோ படிக்கும் தம்பி தங்கைகளில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்: "அண்ணே, கிராஃபீனை மெல்லிய நாடாவா வெட்டணும். ஆக்சிஜன் பிளாஸ்மா போதுமா, இல்ல ஹைட்ரஜன்தான் வேணுமா?" பிளாஸ்மா என்றால் மின்சாரத்தால் உடைத்துத் துடிப்பாக்கிய வாயு. கேட்கிறவர் பெரும்பாலும் மனதுக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார். லேபில் எந்த மெஷின் காலியாக இருக்கிறதோ அதுதான் அந்த முடிவு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, காலியாக இருக்கும் மெஷின் உலகத்திலேயே நல்ல மெஷின். ஆனால் வெட்டிய பிறகு விளிம்பில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வெட்டினால், ஆய்வேட்டை எழுத உட்காரும்போது தலையில் கை வைக்க வேண்டியிருக்காது.

அவசரமாக இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயு சென்சார், மின்முனை, சில மைக்ரான் அகலமுள்ள டிரான்சிஸ்டர் இவை எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் பிளாஸ்மா தாராளமாகப் போதும், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். விளிம்பில் கார்பன் அணுக்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதையே பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஆக்சிஜனில் தொடங்கி, தூரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் முடியுங்கள். ஒரு நிபந்தனை, ஒற்றை அடுக்குக் கிராஃபீனை நேராக சிலிக்கான் டைஆக்சைடின் மேல் வைத்து அதைச் செய்யாதீர்கள். ஏன் என்பதுதான் கீழே வருவது.

விளிம்புக்கு ஏன் இவ்வளவு பாடு? கிராஃபீன் ஒற்றை அணு தடிமனுள்ள கார்பன் வலை, பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர். இந்த அறுகோண வலையை ஒரு திசையில் வெட்டினால் விளிம்பு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், அது ஸிக்ஸாக். அதிலிருந்து 30 டிகிரி திருப்பி வெட்டினால் இரண்டிரண்டு அணுக்களாக வெளியே நீட்டி நிற்கும், அது ஆர்ம்சேர். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தில் வெட்டினால் இரண்டும் கலந்து வரும். நாடா அகலமாக இருக்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். அகலம் 10 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்று சுருங்கச் சுருங்க விளிம்பில் நிற்கும் அணுக்களின் பங்கு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நாடாவின் குணத்தையே விளிம்புதான் தீர்மானிக்கிறது.

ஸிக்ஸாக் விளிம்பை ஒட்டி எலக்ட்ரான்கள் தங்கும் தனி நிலைகள் இருக்கும் என்று 1996-இல் ஜப்பானில் ஃபுஜிதா, வகாபயாஷி, நகாதா, குசகாபே ஆகியோர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த விளிம்பில் காந்தத் தன்மை உண்டு, குறுக்கே மின்புலம் கொடுத்தால் ஒரே சுழற்சியுள்ள (ஸ்பின்) எலக்ட்ரான்களை மட்டும் கடத்த வைக்கலாம் என்று 2006-இல் பெர்க்லியில் சன், கோஹன், லூயி ஒரு படி மேலே போனார்கள். ஆர்ம்சேருக்கு வேறு கதை. அங்கே ஆற்றல் இடைவெளி (மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) நாடாவின் அகலத்தைப் பொறுத்தது, அதுவும் அணு வரிசைகளை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நுணுக்கமாக. மூன்று குடும்பங்கள் உண்டு, ஒரு வரிசை கூடினாலோ குறைந்தாலோ ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும், ஒரு குடும்பத்தில் இடைவெளி மிகச் சிறியது. அதாவது நீங்கள் விளிம்பை ஒரே ஒரு அணு வரிசை பிசகாமல் வெட்ட வேண்டும். எலக்ட்ரான் கற்றையால் வரையும் ரெசிஸ்ட் (வெட்டக் கூடாத இடத்தை மூடும் பூச்சு) கோட்டின் விளிம்பே ஒன்றிரண்டு நானோமீட்டர் நெளியும்போது இது எங்கே நடக்கப் போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இந்த நெளிவு என்ன செய்யும் என்பதற்கு எல்லோரும் எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 2007-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கிம்மின் குழு, எலக்ட்ரான் கற்றையால் மாஸ்க் வரைந்து ஆக்சிஜன் பிளாஸ்மாவில் வெட்டிய நாடாக்களை அளந்தது. அகலம் குறைந்தால் ஆற்றல் இடைவெளி கூடியது, 15 நானோமீட்டர் அகலத்தில் 200 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை வந்தது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதோடு ஒப்பிட்டால் நல்ல எண்தான். ஆனால் அவர்கள் படிகத்தின் வெவ்வேறு திசைகளிலும் நாடா வெட்டிப் பார்த்தார்கள், திசை மாறியபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஸிக்ஸாக், ஆர்ம்சேர் என்று கோட்பாடு சொன்ன அத்தனையும் கரடுமுரடான விளிம்பில் கரைந்து போய்விட்டது. பிறகு வந்த அளவீடுகள், இப்படி வெட்டிய நாடாக்களில் தெரியும் இடைவெளியில் பெரும்பங்கு சுத்தமான குவாண்டம் விளைவே இல்லை, ஒழுங்கின்மையால் எலக்ட்ரான்கள் ஆங்காங்கே சிறு தீவுகளில் மாட்டிக்கொள்வதால் வருவது என்று காட்டின. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே வரும் தேர்வுகளை எடைபோடுவது சுலபம்.

இனி என் கட்சி. வாயுவின் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்வது தப்பான இடத்தில் தொடங்குவது. மாதிரியின் மேல் வந்து விழுவது வேகமான அயனியா (மின்னேற்றம் உள்ள துணுக்கு), சோம்பலான ரேடிக்கலா (வினைக்குத் துடிக்கும் உடைந்த துணுக்கு), அது விழும்போது மாதிரி எவ்வளவு சூடாக இருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது, இந்த மூன்றும்தான் விளிம்பை எழுதுகின்றன. பிளாஸ்மா என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. அயனிகள் மின்புலத்தில் வேகம் பிடித்து வந்து இடிக்கும். கிராஃபீன் வலையிலிருந்து ஒரு கார்பன் அணுவைத் தட்டிப் பெயர்க்கச் சுமார் 20 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சாதாரண ரியாக்டிவ் அயன் எட்சரில் (வேதிவினையும் அயனி இடியும் சேர்ந்து அரிக்கும் பிளாஸ்மா மெஷினில்) அயனிகளுக்கு அதைவிடப் பல மடங்கு கிடைத்துவிடும். அப்படி வரும் அயனிக்கு விளிம்பு, நடுப்பகுதி, ஸிக்ஸாக், ஆர்ம்சேர் எதுவும் தெரியாது. ரேடிக்கலுக்கு மின்னேற்றம் இல்லை, வேகம் இல்லை, போய் ஒட்டி வேதிவினை செய்வது மட்டும்தான் அதற்குத் தெரியும், எங்கே பிணைப்பு தளர்வாக இருக்கிறதோ அங்கேதான் அது ஜெயிக்கும். தீயில் சுடுவதற்கும் ஆவியில் அவிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான், அடுப்பு ஒன்று என்பதால் சாத்தேயும் இட்டிலியும் ஒன்றாகிவிடாது.

சரி, தேர்வுகளுக்கு வருவோம்.

முதலில் ஒரு ஆசையைக் கிள்ளிவிடுகிறேன். ஃபேக்டரிகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் பாதிப் பேருக்குப் பிளாஸ்மா என்றதும் ஞாபகம் வருவது, வயர் பாண்டிங்குக்கு (சிப்பை மெல்லிய கம்பியால் இணைப்பதற்கு) முன்னால் லீட் ஃபிரேம் என்ற உலோகச் சட்டத்தைச் சுத்தம் செய்யும் பெட்டி. 1972-இல் இண்டெல் இங்கே கடை விரித்ததிலிருந்து அசெம்பிளி வேலைதானே இந்தத் தீவின் சோறு, அதனால் அந்தப் பெட்டி இல்லாத ஃபேக்டரி குறைவு. ஆர்கான் போட்டால் இடித்துச் சுத்தம் செய்யும், ஆக்சிஜன் போட்டால் பிசுக்கை எரித்துவிடும், ஆர்கானும் ஹைட்ரஜனும் கலந்து போட்டால் ஆக்சைடை எடுக்கும். மூன்று வாயுவும் இருக்கிறதே, அதில் கிராஃபீனை வெட்டினால் என்ன என்று கேட்கிறார்கள். வெட்டலாம், வெட்டி முடித்து எல்லாவற்றையும் காணாமலும் செய்யலாம். மெட்டல் துண்டில் ஒட்டிய பிசினை எடுப்பதற்கு வைத்திருக்கும் பெட்டிக்கு, ஒற்றை அணு அடுக்கு எம்மாத்திரம்? அடியில் சூடேற்றும் தட்டு சரியானது இல்லை, அயனியைத் தடுக்க வழியில்லை, சுவர்களில் எத்தனையோ வருஷத்து லீட் ஃபிரேம் செம்பு படிந்திருக்கும். மாஸ்க்குக்கு வெளியே இருக்கும் வேண்டாத கிராஃபீனைத் துடைத்தெடுக்க வேண்டுமானால் உபயோகப்படும், அவ்வளவுதான்.

அடுத்து, எல்லா லேபிலும் இருக்கும் ரியாக்டிவ் அயன் எட்சரில் ஆக்சிஜன். இதன் பலம் எளிமை. 13.56 மெகாஹெர்ட்ஸ், குறைந்த பவர், சில வினாடிகள், ஒற்றை அடுக்கு போய்விடும். கார்பன், மோனாக்சைடும் டைஆக்சைடுமாகிப் பம்ப் வழியாக வெளியேறும், மிச்சம் எதுவும் படியாது. மாஸ்க்கில் என்ன வரைந்தீர்களோ அந்த வடிவம் அப்படியே வரும், படிகத் திசையைப் பற்றிய கவலையே கிடையாது. பலவீனமும் அங்கேதான். படிகத்தை அது மதிப்பதில்லை, ரெசிஸ்ட்டின் நெளிவை அப்படியே கிராஃபீனில் நகல் எடுக்கும், போதாததற்கு ஆக்சிஜன் ரேடிக்கல் ரெசிஸ்ட்டுக்கு அடியிலும் கொஞ்சம் நுழைந்து அரிக்கும். விளிம்பு அணுக்களில் ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, வெட்டி முடித்த பிறகு ரெசிஸ்ட்டின் மேற்பரப்பு வெந்து கெட்டியாகி அசிட்டோனில் கரைய மறுக்கும், அது நிறைய பேரைப் படுத்தும் விஷயம். பவரைக் குறைத்து, நேரத்தைத் தேவைக்கு மேல் நீட்டாமல் வைத்தால் பாதி தலைவலி போகும். சில மைக்ரான் அகல சாதனத்துக்கு விளிம்பில் ஓரிரு நானோமீட்டர் கரடு ஒரு பொருட்டே இல்லை, அங்கே இதைவிட்டு வேறு எதையும் தேடுவது நேர விரயம்.

ஆக்சிஜனுக்குப் பதில் ஹைட்ரஜன் போட்டால் உடனே ஸிக்ஸாக் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. வராது. அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் கிராஃபீனை வைத்தால் வெட்டுவதற்கு முன் ஹைட்ரஜன் வலையின் நடுவிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். 2009-இல் மான்செஸ்டர் குழு இதைத்தான் செய்து, கடத்தும் கிராஃபீனைக் கடத்தாத பொருளாக்கிக் காட்டியது. 450 டிகிரி செல்சியஸில் சூடேற்றியபோது ஹைட்ரஜன் கழன்று பழைய குணம் திரும்பியது. இதிலேயே விடையும் இருக்கிறது, மாதிரியைச் சூடாக வைத்தால் நடுப்பகுதியில் ஒட்டும் ஹைட்ரஜன் தங்காது, விளிம்பில் ஏற்கெனவே பிணைப்பு குறைந்து நிற்கும் அணுக்களில் மட்டும் வினை தொடர்ந்து, கார்பன் மீத்தேன் போன்ற வாயுக்களாகப் பிய்ந்து போகும்.

இந்த வழியில் இரண்டு கிளை. ஒன்று, ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜியே டாயின் குழு 2010-இல் காட்டியது. குறைந்த பவர் ஹைட்ரஜன் பிளாஸ்மா, சுமார் 300 டிகிரி, நடுப்பகுதியைத் தொடாமல் விளிம்பை மட்டும் நிமிடத்துக்குக் கால் நானோமீட்டர் அளவில் அரிக்கும். யோசித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்கு ஓர் அணு வரிசை அளவு. ஆக்சிஜனில் வினாடிக் கணக்கில் எல்லாம் முடிந்துவிடும்போது இங்கே கடிகாரம் பார்த்து நிறுத்த முடியும். அகலமாக வரைந்து, ஆக்சிஜனில் வெட்டி, பிறகு இதில் போட்டு ஒல்லியாக்கலாம். நாடாவைக் குறுக்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் இது ரொம்ப நல்ல வழி. விளிம்பின் திசையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு இதில் இல்லை.

இரண்டாவது கிளைதான் ரிமோட் ஹைட்ரஜன், அதாவது முன்னால் சொன்ன தூரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் பிளாஸ்மா, இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். நீளமான குவார்ட்ஸ் குழாய், ஒரு முனையில் சுருள் பிளாஸ்மாவை எரிய வைக்கும், மாதிரி கீழ்க்காற்றில் தள்ளி உலைக்குள் 400-லிருந்து 500 டிகிரிக்குள் உட்கார்ந்திருக்கும். அயனிகள் வழியிலேயே சுவரில் மோதியும் எலக்ட்ரானோடு சேர்ந்தும் செத்துப்போகும், நீண்ட தூரம் தாங்கி வந்து சேர்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் அணு மட்டும். பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தில் குவாங்யூ ஸாங்கின் குழு 2010-இல் இதைக் காட்டியபோது பார்த்தவர்களை நிமிர வைத்தது குழிகளின் வடிவம். வட்டம் இல்லை, ஒழுங்கான அறுகோணங்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. பக்கங்கள் ஸிக்ஸாக் திசையில்.

அறுகோணம் ஏன்? ஸிக்ஸாக் விளிம்பு மெதுவாக அரிபடும், மற்ற விளிம்புகள் வேகமாக. உள்ளிருந்து வெளியே பெருகும் குழியில் வேகமான விளிம்புகள் ஓடி ஓடித் தங்களையே அழித்துக்கொள்ளும், கடைசியில் மெதுவானவை மட்டும் மிஞ்சி மூலையில் சந்திக்கும். இதையே தலைகீழாக்கி, ஒரு தீவை வெளியிலிருந்து சுருக்கினால் மிஞ்சுவது வேகமான விளிம்பு. நிறைய பேர் இதைக் கவனிப்பதில்லை. ஸிக்ஸாக் வேண்டுமென்றால் சின்னத் தீவை அரித்துச் சுருக்காதீர்கள், குழி போட்டுப் பெருக்குங்கள். அந்தக் குழு 2011-இல் செய்ததும் அதுதான். எலக்ட்ரான் கற்றையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவுமாகச் சேர்ந்து முதலில் வட்டத் துளைகளை வரிசையாகப் போட்டார்கள், பிறகு ஹைட்ரஜனில் துளைகள் அறுகோணமாகப் பெருகின, இரண்டு அறுகோணத்துக்கு நடுவில் மிஞ்சிய கிராஃபீன்தான் ஸிக்ஸாக் விளிம்புள்ள நாடா. முதல் வட்டம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் படிகம் அதை நிமிர்த்திவிடும், ரெசிஸ்ட்டின் நெளிவு இங்கே கடைசி விளிம்புக்கு வந்து சேர்வதில்லை. ஆக்சிஜனா ஹைட்ரஜனா என்று கேட்பவர்களுக்கு இதனால்தான் இரண்டும் என்று சொல்கிறேன். ஒன்று இடத்தைக் குறிக்கும், மற்றது விளிம்பை எழுதும்.

இதற்கு விலை உண்டு. ஸிக்ஸாக் மட்டும்தான் கிடைக்கும், ஆர்ம்சேர் கேட்டால் கிடையாது. வடிவமும் உங்கள் இஷ்டம் இல்லை, 120 டிகிரி மூலைக்குள் வாழ வேண்டும், துளை வரிசை படிகத் திசையோடு ஒத்து நிற்காவிட்டால் நாடா நேராக வராது. ஆகவே ஓரமாக ஒரு சோதனைத் துளை போட்டு, அறுகோணம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு அசல் வரிசையை வரைய வேண்டும். அப்புறம் ஹைட்ரஜன் தோம்பு. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எரியக்கூடிய வாயு, கசிவுமானி, வெளியேற்றக் குழாய், பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து எல்லாம் முடிய மாதக்கணக்கு ஆகலாம், அதை புராஜெக்ட் அட்டவணையில் முதலிலேயே போட்டுவிடுங்கள். இதைத் தவிர்க்க ஹைட்ரஜன் குறைவாகக் கலந்த வாயுவை வாங்கலாமா என்றால், நைட்ரஜனோடு கலந்தது வேண்டாம், பிளாஸ்மாவில் நைட்ரஜனும் உடைந்து கிராஃபீனோடு விளையாடும். ஆர்கானோடு கலந்தது பரவாயில்லை, ஆனால் ஆர்கான் அயனி கனமானது, மாதிரியை இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

எவ்வளவு தள்ளி என்பது தனிக் கேள்வி. சுவிட்சர்லாந்தில் பாசெல் பல்கலைக்கழகக் குழு 2017-இல் இதையே குடைந்து பார்த்தது. பிளாஸ்மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் கிராஃபைட்டின் மேற்பரப்பெங்கும் வெவ்வேறு அளவில் குழிகள், அதாவது புதிது புதிதாகக் குறை உண்டாகிக்கொண்டே இருக்கிறது. தள்ளி வைத்தால் புதுக் குழி பிறப்பது நின்று, ஏற்கெனவே குறை இருந்த இடத்தில் மட்டும் அறுகோணம் வளர்கிறது. அழுத்தத்தை மாற்றினால் அந்த எல்லையும் நகரும். ஆகவே யாரோ எழுதிய செய்முறையிலிருந்து சென்டிமீட்டர் கணக்கை அப்படியே எடுத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை, உங்கள் குழாய்க்கு உங்கள் கணக்கு.

அடியில் என்ன இருக்கிறது

இதைத்தான் மாணவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது இது. 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் கோல்ட்ஹேபர்-கார்டன் குழு சிலிக்கான் டைஆக்சைடின் மேல் ஒற்றை அடுக்கையும் பல அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் காட்டியது. ஒற்றை அடுக்கு கண்டபடி ஓட்டை விழுந்து வேகமாகக் கரைந்தது, இரண்டு அடுக்கும் அதற்கு மேலும் உள்ளவை நிதானமாக அறுகோணமாக அரிபட்டன. அதே வாயு, அதே வெப்பநிலை, ஒரே சேம்பர், அடுக்கு ஒன்று கூடியதும் நடத்தையே மாறிவிட்டது. பாசெல் குழு அடித்தளத்தை மாற்றிப் பார்த்தது. ஒற்றை அடுக்கை ஹெக்ஸகோனல் போரான் நைட்ரைடின் (கிராஃபீன் போலவே அறுகோண வலையுள்ள, மின்சாரம் கடத்தாத படிகம்) மேல் வைத்தபோது அறுகோணங்கள் வந்தன, சிலிக்கான் டைஆக்சைடின் மேல் வட்டத் துளைகள். ஆக்சைடு அணு அளவில் மேடு பள்ளமானது, மின்னூட்டம் திட்டுத் திட்டாக மாட்டியிருக்கும், அதன் மேல் கிடக்கும் ஒற்றை அடுக்கு ஆங்காங்கே வளைந்து இழுபட்டிருக்கும், அந்த இடங்களில் ஹைட்ரஜனுக்கு வேலை சுலபம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். போரான் நைட்ரைடு தட்டையானது, தொங்கும் பிணைப்பு இல்லாதது.

அப்படியென்றால் கணக்கு இது. போரான் நைட்ரைடு செதிலின் மேல் கிராஃபீனைத் தூக்கி வைக்கும் கைவேலை உங்கள் லேபில் யாருக்காவது தெரியும் என்றால் ஒற்றை அடுக்குக்குப் போங்கள். தெரியாது என்றால் இரட்டை அடுக்கை சிலிக்கான் டைஆக்சைடின் மேல் வைத்து, அதையே ஆய்வாகச் செய்யுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நம்ம ஊர் காற்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் ஓடாத இரவுக்குப் பிறகு காலையில் லேப் கதவைத் திறந்தால் கண்ணாடியெல்லாம் ஈரம், அந்தக் காற்றில் திறந்து கிடந்த சேம்பர் சுவர் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். பிளாஸ்மாவில் அந்தத் தண்ணீர் உடைந்து ஆக்சிஜனும் ஹைட்ராக்சிலும் ஆகும், அவை படிகம் பார்த்து அரிப்பதில்லை. கிராஃபீனை ஈர முறையில் மாற்றி வைத்தால் அடியிலும் தண்ணீர் மாட்டும். சேம்பரை நன்றாகச் சுட்டு, நேரம் கொடுத்து வெற்றிடம் இழுத்து, மாதிரி இல்லாமல் ஹைட்ரஜனை ஒரு தடவை எரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு முடிவு, எந்தக் கிராஃபீன். செம்புத் தகட்டில் வளர்த்த பெரிய படலம் வாங்குவது சுலபம், ஆனால் அது பல படிகத் துண்டுகள் ஒட்டியது, ஒவ்வொரு துண்டிலும் அறுகோணம் வேறு பக்கம் திரும்பி நிற்கும், துண்டுகள் சேரும் எல்லையில் ஹைட்ரஜன் கோடு கோடாக வெட்டிக்கொண்டே போகும். திசையை ஆராயும் வேலைக்கு டேப்பில் பிய்த்த செதிலே மேல். ஆக்சிஜனில் வெட்டும் சென்சாருக்குச் செம்புப் படலமே மேல்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் டாயின் குழு கார்பன் நானோகுழாயை பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் படலத்தில் பாதி புதைத்து, மேலே தெரியும் சுவரை ஆர்கான் பிளாஸ்மாவில் அரித்து 10-லிருந்து 20 நானோமீட்டர் நாடா எடுத்தது. அழகான யோசனை, ஆனால் எந்தக் குழாய் கையில் கிடைத்ததோ அதன் விளிம்புதான் உங்களுக்கு. நிக்கல் அல்லது இரும்புத் துகளைச் சூடான ஹைட்ரஜனில் கிராஃபீனின் மேல் ஓடவிட்டால் படிகத் திசையிலேயே கோடு வெட்டும், எங்கே ஓடும் என்பது துகளின் இஷ்டம். வெட்டவே வேண்டாம், அணு அணுவாகக் கட்டுவோம் என்பது இன்னொரு பாதை. 2010-இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகமும் மைன்ஸில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து, தங்கத்தின் மேல் மூலக்கூறுகளைத் தூவி 200 டிகிரியில் கோத்து 400 டிகிரியில் மூடி, ஏழு அணு வரிசை அகலமுள்ள ஆர்ம்சேர் நாடா கட்டினார்கள். 2016-இல் ஸிக்ஸாக் நாடாவும் வந்துவிட்டது. விளிம்பின் துல்லியத்தில் எந்தப் பிளாஸ்மாவும் இதன் கிட்டே வர முடியாது. அதற்கு உயர் வெற்றிட அறையும், சொன்ன மூலக்கூறைச் செய்துதர ஒரு வேதியியலாளரும், தங்கத்திலிருந்து நாடாவைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கும் பொறுமையும் வேண்டும், கிடைக்கும் நாடாவின் நீளமும் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர். மாஸ்டர்ஸ் மாணவர் தனியாக இதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

விளிம்பு என்ன என்று காட்ட முடியுமா?

எந்த வழியைத் தேர்ந்தாலும் தேர்வாளர் கேட்கப் போவது இதுதான். ராமன் நிறமாலையில் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாலை) சென்டிமீட்டருக்கு 1350 என்ற அலைஎண்ணை ஒட்டி வரும் டி உச்சம், சுத்தமான ஸிக்ஸாக் விளிம்பில் தோன்றக் கூடாது, ஆர்ம்சேரில் தோன்றும், லேசரின் முனைவாக்கத் திசையைத் திருப்பினால் அதன் பலமும் மாறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லேசர் புள்ளி அரை மைக்ரானுக்குக் குறையாது, அதற்குள் ஆயிரத்துக்கு மேல் விளிம்பு அணுக்கள், அதில் கொஞ்சம் பிசகினாலும் டி உச்சம் எழும்பிவிடும். டி உச்சம் பலவீனம் என்பதை ஆதரவாகக் காட்டலாம், நிரூபணமாகக் காட்ட முடியாது. அணு விசை நுண்ணோக்கியில் அறுகோணத்தைப் படம் பிடித்து ஸிக்ஸாக் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அறுகோணம் முழுக்க ஆர்ம்சேர் விளிம்பாலும் ஆகலாம், அங்கேயும் மூலை 120 டிகிரிதான். வலையின் திசை தனியாகத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அளவுப் படம் எடுக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள். இல்லை என்றால் ஆய்வேட்டில் "படிகத் திசையைப் பின்பற்றும் விளிம்பு" என்று மட்டும் எழுதுங்கள், அதுவே நேர்மையான வாசகம்.

ஒன்று சொல்ல வேண்டும், மலேசியாவில் கிராஃபீன் என்றால் எல்லோருக்கும் விளிம்பு முக்கியம் இல்லை. 2014-இல் வந்த தேசிய கிராஃபீன் செயல்திட்டம் குறிவைத்தது ரப்பர் சேர்மானம், பேட்டரி மின்முனை, கடத்தும் மை, நானோ திரவம், பிளாஸ்டிக் சேர்மானம் போன்றவற்றை. கையுறை ரப்பரில் கலக்கும் துகளுக்கு ஸிக்ஸாக் விளிம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. உங்கள் சூப்பர்வைசரின் நிதி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றால், அழகான அறுகோணம் காட்டி அவரைச் சந்தோஷப்படுத்த முடியாது, ஆக்சிஜன் எட்சரை முன்பதிவு செய்துவிட்டு சாதனத்தின் உணர்திறனைப் பாருங்கள்.

விளிம்பைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் நல்ல செதிலைக் குழாய்க்குள் வைப்பதற்கு முன் ஒரு கிராஃபைட் துண்டின் மேல் தோலை டேப்பால் உரித்து அதை வையுங்கள். விலை குறைவு, எத்தனை தடவை வேண்டுமானாலும் உரிக்கலாம், அடித்தளப் பிரச்சினையும் கிடையாது. நுண்ணோக்கியில் எண்ணிக்கை குறைந்த, ஒரே பக்கம் பார்க்கும் அறுகோணங்கள் தெரிந்தால் குழாய் தயார். விதவிதமான அளவில் குழிகள் மொய்த்துக் கிடந்தால் அயனி இன்னும் வந்துகொண்டிருக்கிறது, மாதிரியைத் தள்ளுங்கள் அல்லது பவரைக் குறையுங்கள். வட்டமாக வந்தால் முதலில் வெப்பநிலையையும் கசிவையும் சந்தேகியுங்கள். கிராஃபைட்டில் சரியாக வந்து, கிராஃபீனில் மட்டும் வட்டமாக வந்தால் பிளாஸ்மாவைத் தொடாதீர்கள், அடித்தளத்தை மாற்றுங்கள்.